மூன்று இலக்கத்துக்கு ஏன் கோடிகள்? குறுகிய எண் டொமைன்களின் மதிப்பு பற்றி

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சீனாவின் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான சீஹூ 360, பிரிட்டனின் வோடஃபோன் நிறுவனத்திடமிருந்து 360.காம் என்ற இணைய முகவரியை 1 கோடியே 70 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அந்தத் தொகைக்குக் கைமாறியவை மூன்று இலக்கங்களும் அவற்றின் பின்னால் நிற்கும் ‘காம்’ என்ற ஒட்டும் மட்டுமே. வோடஃபோன் 2009இல் ‘வோடஃபோன் 360’ என்ற சேவையைத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே கைவிட்டிருந்ததால், விற்றவருக்கு அந்தப் பெயரால் இனிப் பயனில்லை. வாங்கியவரோ 360 என்பதையே தம் பெயராக வைத்துக்கொண்டு, அதுவரை 360.சிஎன் என்ற முகவரியில் இயங்கி வந்தவர். எண்ணாலான டொமைன் பெயர்களுக்கு விலை எப்படி உருவாகிறது என்பதைப் புதிதாக அறிய விரும்புவோர், இந்த ஒரு விற்பனையைக் கவனமாகப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

முதலில், டொமைன் ‘வைத்திருப்பது’ என்றால் என்னவென்று தெளிவுபடுத்திக்கொள்வோம். இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நீண்ட எண் முகவரி உண்டு. அதை மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், அதற்குப் பதிலாக வழங்கும் பெயரே டொமைன். ‘.காம்’ என்று முடியும் எல்லாப் பெயர்களுக்குமான மூலப் பதிவேட்டை அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம் பராமரிக்கிறது. நாம் பணம் கட்டுவது அதனிடம் நேரடியாக அன்று, இடையில் இருக்கும் பதிவாளர்களிடம். பதிவாளர்கள் ஒரு பெயருக்கு வெரிசைனுக்குச் செலுத்த வேண்டிய ஆண்டுக் கட்டணம் 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்ந்தது. ஒரே நேரத்தில் அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்கு மட்டுமே பதிவு செய்யலாம். ஆகவே இதை நிலத்துக்கான பட்டா போலக் கருதக் கூடாது; தவறாமல் கட்டணம் கட்டும்வரை நம்மைவிட்டுப் போகாத குத்தகை என்பதே பொருத்தமான விவரிப்பு. 360.காம் என்ற பெயருக்கும், யாரும் கேள்விப்படாத முப்பது எழுத்துப் பெயருக்கும் அந்த ஆண்டுக் குத்தகை ஒன்றேதான். கோடிகளுக்கும் பத்து டாலருக்கும் இடையில் உள்ள வேறுபாடு முழுவதும், பிற்பாடு அந்தக் குத்தகை உரிமையை வாங்க வருபவரின் மனத்தில் உருவாவது.

தொடக்ககால இணைய விதிகளின்படி ஒரு கணினியின் பெயர் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். 1989இல் வெளியான ஒரு தொழில்நுட்ப ஆவணம் இந்த விதியைத் தளர்த்தி, முதல் இடத்தில் இலக்கமும் வரலாம் என்றது. ஆனாலும் புள்ளிக்குப் பின்னால் வரும் கடைசிப் பகுதி வெறும் இலக்கங்களால் ஆனதாக இருப்பதில்லை என்பதால், 360.காம் என்பதை ஒரு கணினியின் எண் முகவரி என்று எந்த இயந்திரமும் தவறாகக் கொள்ளாது. இன்னொரு நுட்பமும் உண்டு: டொமைனில் இலக்கம் என்பது கணக்குப் பாடத்தின் எண் அல்ல, வெறும் குறியீடு. எனவே 7, 07, 007 ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிப் பெயர்கள்.

இதிலிருந்து கிடைக்கும் கணக்கு மிக எளியது. ஓரிலக்கப் பெயர்கள் ‘.காம்’ பதிவேட்டில் இல்லவே இல்லை. ஓரெழுத்து, ஓரிலக்கப் பெயர்களை 1993இல் பொதுவாகவே ஒதுக்கி வைத்துவிட்டார்கள், அதற்கு முன்பே பதிவாகியிருந்த கியூ, எக்ஸ், இசட் ஆகிய மூன்று எழுத்துகள் மட்டுமே தப்பின. ஈரிலக்கத்தில் 100 பெயர்கள், மூன்றிலக்கத்தில் 1,000, நான்கில் 10,000, ஐந்தில் 1,00,000, ஆறில் 10,00,000. ஒவ்வோர் இலக்கம் கூடும்போதும் கையிருப்பு பத்து மடங்காகப் பெருகுகிறது. எழுத்துகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும்: மூன்று ஆங்கில எழுத்துகளால் 17,576 பெயர்கள் அமையும், நான்கு எழுத்துகளால் 4,56,976. அதாவது மூன்றிலக்கப் பெயர் ஒன்று, மூன்றெழுத்துப் பெயரைப் போலப் பதினேழு மடங்குக்கும் மேல் அரியது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இவற்றை ‘3என்’, ‘4என்’, ‘5என்’ (‘நம்பர்’ என்பதன் முதலெழுத்தே ‘என்’) என்று சுருக்கமாக வகைப்படுத்திப் பேசுவார்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். குறைவாக இருக்கிறது, ஆகவே விலை ஏறும் என்பது அவர்கள் முடிவு. இது அரைகுறையான முடிவு என்பதற்கு 2017இல், ‘.காம்’ போன்ற இன்னோர் ஒட்டான ‘.எக்ஸ்ஒய்இசட்’ பதிவேட்டினர் செய்த ஒரு காரியமே போதுமான சான்று. ஆறு முதல் ஒன்பது இலக்கங்கள் வரையுள்ள எல்லா எண் பெயர்களையும் ஆண்டுக்கு 99 சென்ட் என்ற விலையில் அவர்கள் திறந்துவிட்டார்கள். கூட்டிப் பார்த்தால் அவை 111 கோடியே 10 லட்சம் பெயர்கள். அவற்றில் ஒவ்வொன்றும் உலகில் ஒன்றே ஒன்றுதான், இன்னொரு பிரதி கிடையாது. ஆயினும் அந்தத் தனித்தன்மை எந்தப் பெயருக்கும் தானாக விலையைக் கொடுத்துவிடவில்லை. அருமை என்பது விலை ஏற இடமளிக்கும் ஒரு நிபந்தனை. விலையை ஏற்றுபவர், அந்த எண்ணைப் படித்து அதில் ஏதோ ஒரு சொல்லைக் கேட்கிற மனிதர். அந்த மனிதர் யார் என்று கேட்டால், இந்தச் சந்தையைப் பொறுத்தவரை அவர் பெரும்பாலும் சீன மொழி பேசுபவர்.

அதற்கான காரணத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் அதே இடர்ப்பாடு நமக்கும் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால், ‘டி’க்குப் பின் ‘எச்’ வேண்டுமா, இறுதியில் ‘எல்’ போதுமா அல்லது ‘இசட் எச்’ போட வேண்டுமா என்று நம்மிடையே நான்கு வழக்குகள் உள்ளன. ஒரு கடைக்காரர் தம் இணைய முகவரியைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால், ‘பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி’ என்று எழுத்தெழுத்தாக உச்சரித்து முடிப்பதற்குள் எதிர்முனையில் இருப்பவர் பொறுமை இழந்துவிடுவார். சீன மொழியில் இது இன்னும் கடினம். ஒரே ரோமன் எழுத்துக்கூட்டலுக்குள் வெவ்வேறு பொருள் தரும் பல சித்திர எழுத்துகள் ஒளிந்திருக்கும். ஆனால் இலக்கங்களை எழுதுவதில் யாருக்கும் குழப்பமில்லை. இணையம் சீனாவுக்குள் பரவிய காலத்தில், ஆங்கில எழுத்துகளோடு பழக்கமில்லாத ஒருவருக்கும் விசைப்பலகையில் உடனே அடையாளம் தெரிந்த விசைகள் அந்தப் பத்தும்தான்.

பழக்கமும் அதற்குத் துணைநின்றது. 1997இல் தொடங்கப்பட்ட நெட்ஈஸ் நிறுவனம் 163.காம் என்ற முகவரியைத் தேர்ந்ததற்குக் காரணம், அன்று சீனாவில் தொலைபேசி வழியாக இணையத்தில் இணைவதற்குச் சுழற்ற வேண்டிய எண் 163 என்பதே. டென்சென்ட் நிறுவனத்தின் கியூகியூ செய்திச் செயலி 1999இல் வந்தபோது, பயனர்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண்ணையே அடையாளமாகக் கொடுத்தது. நண்பர்கள் ஒருவரையொருவர் எண்ணைச் சொல்லித் தேடிக்கொண்டார்கள், குறைந்த இலக்கமுள்ள பழைய கியூகியூ எண் ஒரு பெருமையாகவே இருந்தது. சீன ரயில்வேயின் பயணச்சீட்டுத் தளம் 12306.சிஎன், அது அவர்களுடைய வாடிக்கையாளர் சேவை எண்ணும்கூட. சைனா மொபைலின் 10086உம் அப்படித்தான். இப்படி நாட்டின் மிகப் பெரிய சேவைகளையே எண்ணால் அழைத்துப் பழகிய மக்களுக்கு, எண்ணாலான இணைய முகவரி விசித்திரமாகத் தோன்றாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சீன மொழியில் இலக்கங்கள் சொற்களாகவும் ஒலிக்கும். எட்டு என்பதன் ஒலியான ‘பா’, செல்வம் பெருகுதலைக் குறிக்கும் ‘ஃபா’வை நினைவூட்டுகிறது. நான்கின் ஒலி, சாவைக் குறிக்கும் சொல்லோடு தொனி மட்டுமே வேறுபடுவது. 520 என்பதை வேகமாகச் சொன்னால் ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்பதற்கு நெருங்கி வரும் என்பதால், மே 20ஆம் தேதி அங்கே காதலர்களின் நாளாகிவிட்டது. 51 என்பது ‘எனக்கு வேண்டும்’ என்று ஒலிப்பதை வைத்தே 51ஜாப் என்ற வேலைவாய்ப்புத் தளம் பெயர் பெற்றது. இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, அலிபாபா நிறுவனம் தன் மொத்த விற்பனைத் தளத்துக்கு வைத்திருக்கும் 1688.காம். அதை இலக்கம் இலக்கமாகப் படித்தால் ‘யீ லியூ பா பா’. காதில் விழுவது ஏறத்தாழ ‘அலிபாபா’. அதே எண்ணின் முதல் மூன்று இலக்கங்களான 168ஐத் தனியே சொன்னால், ‘போகும் வழியெல்லாம் செல்வம்’ என்ற வாழ்த்து ஒலிக்கும். கடைசியில் இரட்டை எட்டு. நிறுவனத்தின் பெயர், வணிகருக்குச் சொல்லும் வாழ்த்து, ராசியான இலக்கம் ஆகிய மூன்றும் நான்கே விசைகளுக்குள் அடங்கிவிட்ட இந்தப் பெயரைப் பார்க்கும்போது, விளம்பரக் கலைஞர் ஒருவர் மாதக்கணக்கில் யோசித்தாலும் இப்படி ஒன்றை உருவாக்க முடியாது என்றே தோன்றுகிறது.

எண்ணின் ராசிக்குப் பணம் கொடுப்பது டொமைனோடு பிறந்த வழக்கமும் இல்லை. 2003இல் சிச்சுவான் ஏர்லைன்ஸ் நிறுவனம், எட்டு எட்டுகள் கொண்ட தொலைபேசி எண் ஒன்றை 23 லட்சத்து 30 ஆயிரம் யுவானுக்கு ஏலத்தில் எடுத்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் தொடங்கியது 2008ஆம் ஆண்டு எட்டாம் மாதம் எட்டாம் நாள் இரவு எட்டு மணிக்கு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கூடுதல் கட்டணம் செலுத்தி வண்டிக்கு ‘ஃபேன்ஸி நம்பர்’ வாங்கும் நம்மவர்களுக்கு இது புரியாத மனநிலை அல்ல. 500 ரூபாயாக மொய் எழுதாமல் 501 ரூபாயாக எழுதுவதும் எண்ணுக்குப் பொருள் காணும் பழக்கமே.

இந்த மொழியறிவு சந்தையில் நேரடியாக விலையாக மாறுகிறது. 4, 0 ஆகிய இரு இலக்கங்களும் இல்லாத பெயர்களைச் சீன வாங்குநர்கள் தனி வகையாகவே மதிக்கிறார்கள். அந்த இரண்டையும் நீக்கிவிட்டால், மூன்றிலக்கத்தில் 1,000 என்ற எண்ணிக்கை 512ஆகவும், நான்கிலக்கத்தில் 10,000 என்பது 4,096ஆகவும், ஐந்திலக்கத்தில் ஒரு லட்சம் என்பது 32,768ஆகவும் சுருங்கும். அதற்கு மேல் அமைப்பு பார்ப்பார்கள்: நான்கும் ஒரே இலக்கமாக இருப்பது (பத்தாயிரத்தில் பத்தே பெயர்கள்), இரண்டிரண்டாக இணைந்து வருவது, வரிசையாக ஏறுவது. 8866 என்ற அமைப்பையும் 7043 என்ற அமைப்பையும் அருகருகே வைத்தால், இரண்டும் நான்கிலக்கமே என்றாலும் முதலாவது ஒரு முறை கேட்டால் மனத்தில் நிற்கும். இரண்டாவதை எழுதிக்கொள்ளத் தாள் தேட வேண்டும்.

சீனாவுக்கு வெளியிலும் சில எண்கள் பேசுகின்றன. 365 என்றால் ஆண்டு முழுவதும், 247 என்றால் இரவு பகல் எந்நேரமும், 360 என்றால் சுற்றிலும் முழுமையாக என்பது ஆங்கிலம் அறிந்த எல்லோருக்கும் விளங்கும். 1997இல் தொடங்கி, பின்னர் 888.காம் என்ற பெயரால் அறியப்பட்ட இணையச் சூதாட்ட நிறுவனம் சீனாவுக்கு வெளியில்தான் வளர்ந்து, லண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. ஆனால் ஒரே எண் எல்லா ஊரிலும் ஒரே பொருளைத் தராது. 420 என்று இந்தியாவில் சொன்னால் மோசடிக்காரர் என்று பொருள்; இந்திய தண்டனைச் சட்டம் போய் 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்து, மோசடிக்கான பிரிவு 318ஆக மாறிய பின்னும் பேச்சில் பழைய எண்ணே நிற்கிறது. அமெரிக்காவில் அதே 420 கஞ்சா புகைப்போரின் குழூஉக்குறி. தமிழ்நாட்டில் 108 என்றால் ஆம்புலன்ஸ், கோயிலில் அர்ச்சனை எண்ணிக்கை. ஆகவே ஓர் எண் டொமைனை மதிப்பிட அமரும்போது, இது எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதைவிட, இதை எந்த மொழிக்காரர் என்னவென்று படிப்பார், அவருக்கு இதை வாங்கும் வசதியும் தேவையும் உண்டா என்று கேட்பதே பயன் தரும்.

இனி விலையைப் பற்றி. இந்தச் சந்தையில் ஒரே பெயருக்கு இரண்டு விலைகள் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்த வேண்டும். ஒன்று, வணிகர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை. ஒரு வகையிலுள்ள மிகச் சாதாரணமான பெயர் எவ்வளவுக்குப் போகும் என்ற அடிமட்ட விலை அங்கே தினமும் பேசப்படும். மற்றொன்று, அந்தப் பெயரைத் தம் தொழிலுக்குப் பயன்படுத்தப்போகும் நிறுவனம் கொடுக்கும் விலை. 360.காமுக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது வகை. அந்த மூன்று இலக்கங்களால் ஆன பெயரைச் சுமந்துகொண்டிருந்த ஒரு பெரிய நிறுவனம் உலகில் இல்லாமல் இருந்திருந்தால், அதே முகவரி அந்த விலையின் அருகில்கூடச் சென்றிருக்காது. பெரும்பாலான எண் பெயர்களுக்கு அப்படி ஒரு நிறுவனம் ஒருபோதும் வருவதில்லை. அவை வணிகர்களிடையே கைமாறிக்கொண்டே இருக்கும்.

வணிகர்களிடையே மட்டும் சுழலும் விலை எவ்வளவு மென்மையானது என்பதை 2015, 2016ஆம் ஆண்டுகள் காட்டின. 2015 ஜூன் நடுவில் ஷாங்காய் பங்குச் சந்தை உச்சத்திலிருந்து சரியத் தொடங்கியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் சீன முதலீட்டாளர்கள் குறுகிய டொமைன்களை நோக்கிப் பெருமளவில் திரும்பினார்கள். சீனாவின் டொமைன் வணிகர்கள் டொமைன்களைச் செல்லமாக மக்காச்சோளம் என்று அழைப்பது வழக்கம். டொமைன் என்பதற்கான ‘யூமிங்’ என்ற சொல், மக்காச்சோளத்தைக் குறிக்கும் ‘யூமி’யைப் போல ஒலிப்பதே அதற்குக் காரணம். அந்த மாதங்களில் அவர்கள் பெயரைப் பார்த்து வாங்கவில்லை. இத்தனை நான்கிலக்கம், இத்தனை ஐந்திலக்கம் என்று தானிய மண்டியில் மூட்டைக்கணக்கில் வாங்குவது போல வாங்கினார்கள். 2016இல் வாங்குவோர் கூட்டம் மெலிந்ததும் விலைகள் இறங்கின. இரண்டு, மூன்று இலக்கப் பெயர்களை வைத்திருந்தவர்களால் காத்திருக்க முடிந்தது. உச்ச விலையில் நீண்ட எண்களை வாரிக் குவித்தவர்கள் பலர் புதுப்பிப்புக் கட்டணம் கட்டவே தயங்கும் நிலைக்கு வந்தார்கள்.

ஏறத்தாழ அதே காட்சி 2022 வசந்தகாலத்தில், எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணய அமைப்பின் பிளாக்செயினில் வழங்கும் ‘.எத்’ பெயர்களில் மீண்டும் நடந்தது. 0000 முதல் 9999 வரையுள்ள பத்தாயிரம் பெயர்களை வைத்திருப்போர் ‘10கே கிளப்’ என்று ஒரு குழுவாகத் திரண்டார்கள், விலை சில வாரங்களில் தாவியது, பின்னர் ஓய்ந்தது. அங்கே அன்று ஆண்டுக் கட்டணமே நான்கிலக்கத்துக்கு 160 டாலராகவும் மூன்றிலக்கத்துக்கு 640 டாலராகவும் இருந்தது. மேலும் அவை வழக்கமான இணையப் பெயர் அமைப்பின் பகுதி அல்ல என்பதால், சாதாரண உலாவியில் தட்டினால் நேரே திறக்காது. புதியவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

சிறு முதலீட்டோடு வருபவருக்கு மூன்றிலக்க, நான்கிலக்கப் பெயர்கள் எட்டாத உயரத்தில் இருப்பதால், கண்ணில் படுபவை ஆறிலக்கப் பெயர்களே. இங்கே நான் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன்: பத்து லட்சம் பெயர்களுள் ஒன்றை, எண்ணிக்கை குறைவு என்ற ஒரே காரணத்தால் வாங்குவது முதலீடு ஆகாது. நூறு பெயர்களை வைத்திருந்தால், மேலே சொன்ன 2024ஆம் ஆண்டுக் கட்டணப்படி, பதிவாளரின் லாபத்தைச் சேர்க்காமலே ஆண்டுக்கு 1,026 டாலர் கட்ட வேண்டும். ஐந்து ஆண்டில் 5,130 டாலர். வாடகை வராத, பயிர் விளையாத ஒரு சொத்துக்கு அத்தனையும் கையிலிருந்தே போகும். ஆறிலக்கத்திலும் பொருளுள்ள எண்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. சீனப் பங்குகளின் குறியீடுகள் ஆறிலக்கமே. புகழ்பெற்ற மாவ்தாய் மதுபான நிறுவனத்தின் பங்கு 600519 என்றே அறியப்படும். சீனாவிலும் இந்தியாவிலும் அஞ்சல் குறியீடும் ஆறிலக்கம்; 600001 என்றால் சென்னைக்காரருக்கு உடனே தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அதற்காகப் பணம் கொடுத்து வாங்க ஒருவர் காத்திருப்பது வேறு.

ஒட்டைப் பற்றியும் ஒரு சொல். எண் பெயர்களில் ‘.காம்’ முதலிடம் பெறுகிறது, அதை அடுத்துச் சீனாவுக்குரிய ‘.சிஎன்’ வருகிறது. அதே மூன்றிலக்கம் வேறொரு புதிய ஒட்டில் மிக மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவே சந்தை அதற்குக் கொடுத்திருக்கும் மதிப்பீடு. முதலாண்டில் தள்ளுபடி தந்துவிட்டுப் புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்கும் பதிவேடுகளும் உண்டு என்பதால், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு பெயர் பிடித்துப்போய் வாங்கத் துணிந்தால், அதன் பழைய வாழ்க்கையைத் தேடிப் பார்ப்பது அவசியம். எண் பெயர்கள் சீன மொழிச் சூதாட்டத் தளங்களுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்திருக்கின்றன. அப்படிப் பயன்பட்டுச் சீனாவின் இணையத் தடுப்பில் சிக்கிய முகவரியை, அதன் இயல்பான வாங்குநரான சீன நிறுவனமே தொடத் தயங்கும். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்த முகவரியை இட்டு, கடந்த ஆண்டுகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதற்குச் செலவேதும் இல்லை. நடந்து முடிந்த விற்பனைகளை நேம்பயோ என்ற தரவுத்தளத்தில் தேடி, அதே நீளமும் ஒத்த அமைப்பும் கொண்ட பெயர்கள் அண்மையில் எவ்வளவுக்குப் போயின என்று ஒப்பிடலாம். விற்பவர் கேட்கும் விலையை ஒருபோதும் ஒப்பீடாகக் கொள்ளக் கூடாது. அந்த எண் ஏதேனும் நிறுவனத்தின் வணிகச் சின்னமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1999 முதல் நடைமுறையில் உள்ள டொமைன் தகராறு விதிகளின்படி, பெயர் தம் சின்னத்தோடு குழப்பம் தரும் வகையில் ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் நிறுவினால், சின்னத்தின் உரிமையாளர் அதைப் பறித்துக்கொள்ள முடியும்.

குறுகிய பெயர்கள் திருடர்களையும் ஈர்க்கும். மின்னஞ்சல் கணக்கைக் கைப்பற்றி, அதன் வழியாகப் பெயரை வேறு பதிவாளரிடம் மாற்றிவிட்டு, மலிவு விலையில் அவசரமாக விற்க முயல்வது அவர்கள் வழி. சந்தை விலையில் பாதிக்கு, இன்றே முடித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் நெருக்கினால், அந்தப் பெயர் அண்மையில் கைமாறியதா என்பதைப் பதிவு விவரங்களில் பார்த்துவிட வேண்டும். பணத்தை விற்பவரிடம் நேரடியாகத் தராமல் எஸ்க்ரோ சேவை ஒன்றிடம் ஒப்படைத்து, பெயர் தம் கணக்குக்கு வந்து சேர்ந்த பின் விடுவிக்கச் சொல்வதே இந்தத் தொழிலில் நிலைபெற்ற நடைமுறை. வந்து சேர்ந்ததும் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பும் பெயருக்கு மாற்றத் தடைப் பூட்டும் போட்டுவிட வேண்டும்.

கட்டணம் கட்ட மறந்து யாராவது நல்ல பெயரைக் கைவிட்டால் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாமே என்ற ஆசை எல்லாப் புதியவர்களுக்கும் வரும். விதிப்படி, காலாவதியான ‘.காம்’ பெயருக்கு 45 நாள் வரை சலுகைக் காலம், அதன்பின் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள், நீக்கத்துக்குக் காத்திருக்கும் 5 நாள் என்று மூன்று படிகள் உள்ளன. ஐந்து நாளும் முடிந்து பெயர் பதிவேட்டிலிருந்து விழும் கணத்தில், அதற்கென்றே இயங்கும் மென்பொருள்கள் ஒரு நொடிக்குள் அதைக் கவ்விக்கொள்ளும். குறுகிய எண் பெயர்களோ பெரும்பாலும் அந்தக் கடைசி நாள்வரை வருவதே இல்லை. சலுகைக் காலம் முடிவதற்குள்ளாகவே பதிவாளர்கள் அவற்றைத் தம் ஏலத்தில் வைத்துவிடுகிறார்கள்.